ஐம்பதில் பதினேழு போனால் நாற்பத்தேழு

நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கழித்தலில் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்தாள். அது எங்கிருந்து வந்தது, ஒரு வருஷத்துக்கு மேல் ஏன் யார் கண்ணிலும் படவில்லை (என் கண்ணில் என்று சொல்ல வேண்டும், வகுப்பு என்னுடையது), கடைசியில் எப்படிப் போனது என்பதை எழுதி வைக்கிறேன். நடந்தது 2010-11 கல்வியாண்டு. ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியருக்கு அலுவலக வேலை, கூட்டம், சத்துணவுக் கணக்கு என்று பாதி நாள் போய்விடும் என்பதால் பல நாள் நான் ஒருத்திதான். ஒன்று முதல் நான்கு வரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில், பாயில், கலந்து உட்கார்ந்திருப்பார்கள். அது செயல்வழிக் கற்றல் காலம். ஏபிஎல் என்றால்தான் எங்களுக்குச் சட்டென்று புரியும்.

அந்தக் காலத்தில் வேலை பார்க்காதவர்களுக்காக வகுப்பறை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். சுவரின் கீழ்ப்பக்கம் சுற்றிலும் பச்சை பெயின்ட் அடித்த கீழ்மட்டக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். ஓரத்தில் டிரேக்களில் அட்டைகள். சுவரில் ஏணி. பாடப் புத்தகத்தை உடைத்துச் சின்னச் சின்ன அட்டைகளாக்கி, அட்டைகளை வரிசையாக அடுக்கிய படம்தான் ஏணி. பிள்ளை காலையில் வந்து, தானே வருகையைப் பதிந்து, ஏணியில் தன் இடத்தைப் பார்த்து, அந்தப் படச்சின்னம் உள்ள அட்டையை எடுத்துக்கொண்டு அதற்குரிய குழுவில் போய் உட்கார வேண்டும். ஆறு குழுக்கள். ஆசிரியர் முழுதாக உதவுவது, கொஞ்சம் உதவுவது, சக மாணவர் முழுதாக உதவுவது, கொஞ்சம் உதவுவது, தானே படிப்பது, கடைசியில் மதிப்பீடு. சில அட்டைகள் சேர்ந்த ஒரு பகுதிக்கு மைல்கல் என்று பெயர். ஒரு மைல்கல்லை முடித்தால் அடைவு அட்டவணையில் ஒரு குறி, பிறகு அடுத்த மைல்கல்.

இதன் வேர் ஆந்திராவில், மதனப்பள்ளிக்குப் பக்கத்து ரிஷி வேலியில் இருக்கிறது. பத்மநாப ராவும் ராமாவும் அங்கே சுற்றுக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக அட்டை, ஏணி என்ற ஏற்பாட்டை உருவாக்கினார்கள். ஒரே வாத்தியார், நாலைந்து வகுப்பு, ஆளாளுக்கு ஒரு நிலை. அந்த நெருக்கடியில் பிறந்த யோசனை இது, சும்மா அழகுக்கு வந்ததல்ல. எம்.பி. விஜயகுமார் வேலூர் ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கான மையங்களில் இந்த வழியைக் கையாண்டார். பிறகு சென்னை மாநகராட்சி ஆணையராக வந்து 2003-இல் 13 பள்ளிகளில் தொடங்கினார், அங்கிருந்து மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும் பரவியது. அப்புறம் அவரே அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்குத் திட்ட இயக்குநராகப் போக, 2007-08-இல் மாநிலம் முழுக்க 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வந்தது. அந்த அலையில் எங்கள் பள்ளிக்கும் ஒரு லாரியில் டிரேக்கள் வந்து இறங்கின.

பயிற்சியில் எங்களுக்குச் சொன்னது இதுதான்: இதெல்லாம் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் சொன்னது, குழந்தை தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது, ஆசிரியர் கூட இருந்தால் போதும். 2005-இன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு வந்திருந்த சூட்டில் 'கன்ஸ்ட்ரக்டிவிசம்' என்ற சொல்லைச் சொல்லாமல் எந்தப் பயிற்சியும் முடியாது. நானும் தலையாட்டிக் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

பிள்ளையைப் பற்றி

பெயர் வேண்டாம். ஒன்பது வயது. கெட்டிக்காரி என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தவள். ஏணியில் வேகமாக ஏறுவாள், அட்டவணையில் அவள் வரிசையில் குறிகள் நிறைந்திருக்கும். சாயங்காலம் பாட்டியின் பெட்டிக்கடையில் உட்காருவாள். மூன்றாம் வகுப்பிலேயே 'கடன் வாங்கிக் கழித்தல்' மைல்கல்லை முடித்திருந்தாள், குறி போட்டது நான்தான்.

நான்காம் வகுப்பில் ஒரு நாள் அவள் கரும்பலகைக் கட்டத்தில் 42-இலிருந்து 17-ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தாள். கவனக்குறைவு என்று நினைத்து, "மறுபடி பாரும்மா" என்றேன். பார்த்துவிட்டு மறுபடியும் 35. பக்கத்தில் 63-இல் 28 போக 45. அதற்குக் கீழே 50-இல் 17 போக 47.

சாதாரணமாக நான் என்ன செய்வேன்? தப்பு என்று ஒரு கோடு போட்டு, "பக்கத்துல ஒண்ணு கடன் வாங்கணும்ல" என்று ஒரு கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போயிருப்பேன். பல வருஷம் அப்படித்தான் போயிருக்கிறேன். அன்று மழை, வந்த பிள்ளைகளே குறைவு, நேரம் இருந்தது. அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, "இது எப்படிப் போட்ட, சொல்லு" என்றேன்.

"ஏழுல ரெண்டு போனா அஞ்சு டீச்சர். நாலுல ஒண்ணு போனா மூணு."

"ரெண்டுலருந்து ஏழு தானே போகணும்?"

"ரெண்டுலருந்து ஏழு போகாது டீச்சர். பெருசுலருந்துதான் சின்னதக் கழிக்கணும். நீங்கதான சொன்னீங்க."

ஆமாம், நான்தான் சொன்னேன். ஒன்றாம் வகுப்பில், ஓரிலக்கக் கழித்தலில், 'பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும்' என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லுகிற வாக்கியம் அது. அந்த வகுப்புக்கு அது சரி. அவள் அதை விடாமல் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனியாகப் பொருத்திவிட்டாள். பிள்ளை கவனக்குறைவாக இல்லை. கணக்குப் போட ஒரு விதி வைத்திருந்தாள், அதிலிருந்து ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

இந்தத் தப்பு உலகறிந்த தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது. 1978-இல் அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர், பிள்ளைகள் கழித்தலில் செய்யும் தப்புகள் ஏனோதானோவென்று வருபவை அல்ல, கம்ப்யூட்டர் நிரலில் வரும் 'பக்' மாதிரி ஒழுங்கான பிழை விதியிலிருந்து வருபவை என்று காட்டினார்கள். அவர்கள் பட்டியலில் இருந்த பிழைகளில் ஒன்றுதான் எங்கள் ஊர்ப் பாயில் உட்கார்ந்திருந்தது.

குறி எப்படி விழுந்தது?

சரி, இப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு ஒருத்தி மைல்கல்லை எப்படித் தாண்டினாள்? இந்த ஆய்வில் நான் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான். பழைய அட்டைகளை எடுத்து வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன்.

முதலில் வருவது கடன் வாங்காத கழித்தல். 48-இல் 15 போக 33. அவள் விதிப்படி போட்டாலும் 33-தான் வரும். 76-இல் 24 போக 52, அதுவும் சரி. தப்பான விதி சரியான விடை தருகிறது, நான் சரி போடுகிறேன், அவள் அடுத்த அட்டைக்குப் போகிறாள். ஒவ்வொரு சரியும் அந்தத் தப்பை இன்னும் கெட்டியாக்கியிருக்கிறது.

இது பியாஜே அல்ல, அச்சு அசல் ஸ்கின்னர். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1953-இல் தன் மகளின் வகுப்பைப் பார்க்கப் போனார். அதுவும் நான்காம் வகுப்புக் கணக்கு வகுப்புதான். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் நகர வேண்டியிருக்கிறது, போட்ட கணக்கு சரியா தப்பா என்று உடனே தெரிவதில்லை என்ற இரண்டு குறைகள் அவர் கண்ணில் பட்டன. வீட்டுக்கு வந்து ஒரு போதனை எந்திரம் செய்தார். பாடத்தைப் பொடிப்பொடிப் படிகளாக உடை, பிள்ளை தன் வேகத்தில் ஏறட்டும், ஒவ்வொரு படியிலும் உடனே சரியா தப்பா என்று சொல். எங்கள் சுவரில் இருந்த ஏணியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இதன் மேல், ஒரு அலகை முழுதாக அடைந்த பிறகே அடுத்ததுக்குப் போக வேண்டும் என்று 1968-இல் பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர் சொன்ன தேர்ச்சிக் கற்றலைச் சேர்த்தால், அடைவு அட்டவணையும் வந்துவிடும். பெட்டியின் மேல் ஒட்டிய லேபிள் பியாஜே, உள்ளே இருந்த சரக்கு பாதிக்கு மேல் ஸ்கின்னரும் புளூமும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாலு வகுப்பை ஒருத்தி மேய்க்கிற இடத்தில் ஏணி இல்லாவிட்டால் நான் மூச்சு முட்டிப் போயிருப்பேன். ஆனால் ஸ்கின்னரின் கண் விடையை மட்டும்தான் பார்க்கும். விடை வந்த வழி பிள்ளையின் தலைக்குள் இருக்கிறது, அது அந்தக் கண்ணுக்குத் தெரியாது. லேபிளை நம்பியதால், வழியை ஏணி பார்த்துக்கொள்கிறது என்று நான் சும்மா இருந்துவிட்டேன்.

அடுத்து கடன் வாங்கும் அட்டைகள். இதை அவள் சக மாணவர் உதவிக் குழுவில் செய்திருந்தாள். குழுக்களின் அமைப்பில் தெரிவது வைகாட்ஸ்கி. பியாஜே பிறந்த அதே 1896-இல் அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்து, 37 வயதில் காசநோயில் போய்விட்ட உளவியலாளர். பிள்ளை தனியாகச் செய்ய முடிவதற்கும், தெரிந்தவர் துணையோடு செய்ய முடிவதற்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது, கற்பித்தல் அங்கேதான் நடக்க வேண்டும் என்றார். ஆசிரியப் பயிற்சிப் புத்தகத்தில் 'அண்மை வளர்ச்சி மண்டலம்' என்று மனப்பாடம் செய்திருப்போம். அந்தத் துணைக்கு 1976-இல் வுட், புரூனர், ராஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வைத்த 'ஸ்காஃபோல்டிங்' என்ற பெயரைத் தமிழில் சாரம் என்று சொல்லலாம், கட்டடத்துக்குச் சவுக்குக் கம்பில் கட்டுகிறோமே, அதே சாரம். அதைக் கட்டுவதே பிரிப்பதற்குத்தான். ஆறு குழுக்களில் முழு உதவி, பாதி உதவி, தானே என்று படிப்படியாக இறங்கி வருவது சாரத்தைப் பிரிக்கிற வரிசைதான். தாளில் இதைவிட அழகாக வைகாட்ஸ்கியை யாரும் வகுப்புக்குள் கொண்டுவந்துவிட முடியாது.

பாயில் நடந்தது வேறு. அவளுக்கு உதவியவன் நல்ல பையன், வேகமானவன். விசாரித்தபோது சொன்னான்: "அவளுக்கு வரல டீச்சர், நான் போட்டுக் குடுத்தேன்." அவனைத் திட்ட என்ன இருக்கிறது? 'உதவு' என்றோம், உதவினான். விடையைச் சொல்லாமல் உதவுவது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. டி.டி.எட். படித்த எங்களுக்கே அது வர வருஷங்கள் ஆயின, எட்டு வயதுப் பையனுக்கு எப்படி வரும்?

மதிப்பீட்டு அட்டையையாவது தனியாகச் செய்தாளே என்றால், அதையும் அன்றைக்கே, பக்கத்தில் குச்சிக் கட்டுகளை வைத்துக்கொண்டு செய்திருக்கிறாள். கடன் வாங்கும் கணக்கில் அவளுக்கு வந்த சரிகள் பூராவும் குச்சியில் எண்ணிப் போட்டவை. நான் விடையைப் பார்த்தேன், குறி போட்டேன். அதற்குப் பிறகு அந்த அட்டை அவள் கைக்குத் திரும்ப வரவே இல்லை.

குச்சியில் வேறு, நோட்டில் வேறு

இதைச் சோதித்துப் பார்க்க, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொடுத்து 42-இல் 17-ஐ எடுக்கச் சொன்னேன். ஒரு கட்டைப் பிரித்தாள், எடுத்தாள், 25 என்றாள். துளித் தயக்கம் இல்லை. பக்கத்திலேயே அவள் எழுதிய 35 இருந்தது. "இங்க இருபத்தஞ்சு, அங்க முப்பத்தஞ்சு. ரெண்டுல எது சரி?"

"ரெண்டும் சரிதான் டீச்சர். குச்சியில வேற, நோட்டுல வேற."

பாட்டியின் கடை ஞாபகம் வந்தது எனக்கு. "உங்க கடையில பதினேழு ரூபாய்க்குச் சாமான் வாங்கிட்டு ஐம்பது ரூபா தாள் குடுத்தா எவ்வளவு மீதி குடுப்ப?"

விரலைக்கூட மடக்கவில்லை. "இருபதுக்கு மூணு, அப்புறம் முப்பது. முப்பத்துமூணு."

"கரும்பலகையில நாற்பத்தேழுன்னு எழுதியிருக்கியே. நாற்பத்தேழு குடுப்பியா?"

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆயா அடிக்கும் டீச்சர்."

பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளை வைத்து டெரசின்யா காரஹர், டேவிட் காரஹர், அனலூசியா ஷ்லீமன் என்ற மூவர் 1985-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வாடிக்கையாளர் மாதிரி போய் விலை கேட்டபோது அந்தப் பிள்ளைகளின் விடைகளில் 98 சதவீதம் சரி. அதே எண்களை வெறும் கணக்காகக் கொடுத்தபோது 37 சதவீதம். கடையில் அவர்கள் கூட்டிக் கூட்டி மேலே போனார்கள், தாளில் பள்ளிக்கூடத்து வழியை ஞாபகப்படுத்தப் பார்த்துச் சிக்கிக்கொண்டார்கள். எங்கள் பிள்ளையும் 17-இலிருந்து 20, 20-இலிருந்து 50 என்று ஏறித்தான் போனாள், கழிக்கவே இல்லை. கடைக்காரர்கள் யாருமே கழிப்பதில்லை, பஸ் கண்டக்டரைப் பாருங்கள்.

எனக்கு பியாஜே உண்மையாகப் புரிந்த நாள் அதுதான் என்று நினைக்கிறேன். புதுசாக எது வந்தாலும் பிள்ளை அதை ஏற்கெனவே இருக்கிற டப்பாவுக்குள் திணிக்கப் பார்க்கும். மூடி மூடவே முடியாது என்று ஆகும்போதுதான் டப்பாவை மாற்றும். கடன் வாங்கும் கணக்கை அவள் 'பெருசுலருந்து சின்னது' டப்பாவுக்குள் திணித்திருந்தாள். நான் போட்ட சிவப்புக் கோடுகளால் மூடிக்கு ஒன்றும் ஆகவில்லை, டீச்சருக்குப் பிடிக்கவில்லை என்பதோடு முடிந்துவிட்டது. ஆயா அடிக்கும் என்றபோதுதான் மூடி தெறித்தது.

என்ன செய்தோம்

பழைய காலண்டர் அட்டையை வெட்டிப் பத்து ரூபாய், ஒரு ரூபாய் செய்தோம். நாலு பத்து, இரண்டு ஒன்று. 17 ரூபாய் கொடு என்றால் ஒரு பத்தைக் கொடுத்துவிட்டு ஏழு ஒற்றைக்கு முழிப்பாள், இன்னொரு பத்தை என்னிடம் நீட்டிச் சில்லறை மாற்றுவாள். மாற்றிய அந்த நொடியிலேயே தாளில் நாலை அடித்து மூன்றாக்க வேண்டும், இரண்டின் மேல் பன்னிரண்டு எழுத வேண்டும் என்று வைத்தேன். கையில் நடப்பதும் தாளில் நடப்பதும் ஒன்றன் பின் ஒன்றாக அல்ல, கூடவே. 'கடன் வாங்கு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'சில்லறை மாத்து' என்றோம். கடன் என்றால் யாரிடமிருந்தோ ஏதோ வருவது போல் இருக்கிறது, பத்து ஒற்றையும் ஒரு பத்தும் ஒன்றுதான் என்பது அதில் மறைந்துவிடுகிறது. நாலைந்து நாளில் அட்டை ரூபாயை ஓரம் வைத்தாள். சாரத்தைப் பிரித்தாயிற்று.

அந்த மைல்கல்லைத் தாண்டிய மற்ற பிள்ளைகளுக்கும் இதே கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தேன், அவளோடு இன்னும் சிலர் மாட்டினார்கள். அட்டவணையில் அவர்களுக்கும் குறி இருந்தது. குறியை அழித்தால் ஏணியில் பின்னால் போய்விட்டதாகப் பதிவாகும், பார்வைக்கு வருகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அழிக்கவில்லை. பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன், எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

வகுப்பிலும் சில மாற்றம் செய்தேன். உதவுகிற பிள்ளையின் கையில் பென்சிலோ சாக்பீஸோ இருக்கக் கூடாது, வாயால்தான் உதவ வேண்டும், அதுவும் கேள்வியாக. முதல் வாரம் இது வேடிக்கையாக இருந்தது, பையன்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தவித்தார்கள். அப்புறம் தினம் மூன்று பிள்ளைகளிடம், விடை சரியாக இருந்தாலும், "எப்படிப் போட்ட?" தப்பானவர்களிடம் மட்டும் கேட்டால் அந்தக் கேள்வியே தப்புக்கு அடையாளமாகிவிடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பழைய அட்டைகள். போன மாதத்துக் கூட்டல், அதற்கு முந்தைய கழித்தல், எல்லாம் கலந்து, எந்தக் குழுவிலும் சேராமல். மறதி எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன்னையே வைத்து அளந்து எழுதிவிட்டார். அதற்கு மருந்து திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது என்று ரோடிகர், கார்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் காட்டினார்கள். ஐந்து நிமிஷத்தில் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் நினைவிலிருந்து எடுத்து எழுதியவர்கள் முந்தினார்கள். எங்கள் மதிப்பீட்டு அட்டை நடந்ததெல்லாம் அந்த ஐந்து நிமிஷத்து முடிவைப் பார்த்து ஏமாந்த கதை.

ஒன்றைச் சொல்லாமல் போனால் யாராவது கேட்பார்கள். அவள் 'கையால் கற்கும் வகை'ப் பிள்ளை, அதனால்தான் காலண்டர் அட்டையில் புரிந்தது என்று ஒரு சக ஆசிரியை சொன்னார். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று பிரிக்கிற அந்தப் பாடம் எங்கள் பயிற்சிகளில் நிறைய ஓடியது. 2008-இல் பாஷ்லர் என்ற உளவியலாளரும் இன்னும் மூன்று பேரும் இதை ஆராய்ந்து, வகைக்கேற்பப் பாடம் நடத்தினால் நன்றாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதிவிட்டார்கள். என் வகுப்பிலும் அப்படித்தான், குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு வருஷத்துக்கு மேல் தப்பான விதியோடு இருந்தவள்தானே அவள்.

இது ஒரு பிள்ளையின் கதை, ஒரு பள்ளி, பக்கத்தில் வேறு வகுப்பை வைத்து ஒப்பிடவும் இல்லை. அந்த ஜனவரியில் பெட்டிக்கடையை வேறு இடத்துக்கு மாற்றியதில் அவளுக்கு வாரக்கணக்கில் வருகை குறைந்தது, எதனால் எது வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஏபிஎல் அட்டைகளும் இப்போது இல்லை. 2012-13-இல் ஆண்டுப் பாடத்தை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தது, 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்து, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிக்கிறோம். டிரேக்களில் இப்போது சாக்பீஸ் பெட்டி வைத்திருக்கிறோம்.

அவளைப் பற்றி என் நோட்டில் கடைசியாக எழுதியிருப்பது பிப்ரவரியில். மூவிலக்கக் கழித்தலுக்கு வந்திருந்தாள், வெள்ளிக்கிழமை, 302-இல் 147. அட்டை ரூபாய் எதுவும் கையில் இல்லை. இரண்டிலிருந்து ஏழு போகாது என்று பக்கத்து இலக்கத்துக்கு வந்தவள் அங்கே பூஜ்யத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். ரொம்ப நேரம் ஒன்றும் எழுதவில்லை, பழைய மாதிரி ஏழில் இரண்டைக் கழித்து அஞ்சு என்றும் எழுதவில்லை. கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"பத்து ரூபாயே இல்ல டீச்சர். சில்லறைக்கு யாருகிட்டப் போறது?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பையன் கேட்டான்: "உங்கிட்ட வேற என்ன தாள் இருக்கு?"